கியோ பான் வாத்தியாரின் இரண்டாவது பிரதி

அமெரிக்காவில், எங்கள் லோவெல் ஊர் விகாரையில், செருப்பு விடும் இடத்தை ஒட்டி ஒரு மடக்கு மேசை போடுவார்கள். வருடத்தில் பதினைந்து நாள் மட்டும்தான் அந்த மேசை இருக்கும். செத்தவர்களுக்குச் சோறு வைக்கிற பிண்டப் பதினைந்து அது. செப்டம்பர் கடைசியில், மரமெல்லாம் சிவக்கத் தொடங்கும்போது வரும். மேசைக்குப் பின்னால் கியோ பான் வாத்தியார் உட்கார்ந்திருப்பார். என்னைப்போல் எழுத்துத் தெரியாதவர்கள் வரிசையில் நின்று எங்கள் செத்தவர்களின் பெயரைச் சொல்லுவோம். அவர் சீட்டில் எழுதித் தருவார். சடங்கை நடத்திவைக்கும் ஆச்சார் அதை உள்ளே பிக்குகளின் முன்னால் உரக்க வாசிப்பார்.

பெயர் சொல்வது சின்ன வேலை என்று நினைக்கக்கூடாது. நாங்கள் பெரியவர்களைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிற சனம் இல்லை. சொல்லித்தர வேண்டியவர்களோ, எங்கள் நாட்டில் கொலையும் பட்டினியுமாக இருந்த அந்த நாலு வருடத்தில் போய்ச் சேர்ந்தார்கள். வரிசையில் நிற்பவர்களில் பாதிப் பேருக்குத் தங்கள் பாட்டியின் பெயர் தெரியாது.

"பேரு?"

"ஆயா."

"ஆயாவுக்குப் பேரு?"

"ஆயாதான் வாத்தியாரே. ஆயாவைப் பேர் சொல்லியிருந்தா எங்கப்பா பல்லத் தட்டியிருப்பாரு."

"வீடு எங்க இருந்துச்சு?"

"மூணாவது பாலத்துக்குப் பக்கத்துல."

"என்ன பண்ணுவாங்க?"

"வெத்தல போடும். எங்களத் திட்டும்."

"எப்படித் திட்டும்?"

"அதெல்லாம் எதுக்கு? ‘முதலைக்குப் பொறந்ததே’ன்னு திட்டும்."

வாத்தியார் சிரிக்காமல் எழுதுவார்: மூன்றாம் பாலத்துக்குப் பக்கத்தில் வசித்தவர், பேரப்பிள்ளைகளை முதலைக்குப் பிறந்ததே என்று திட்டிய பாட்டி. ஆச்சார் அதை வாசிக்கும்போது கூடமே சிரிக்கும். ஐம்பது வயதுப் பேரன் மட்டும் முகத்தைத் துடைத்துக்கொண்டிருப்பான். இப்படிக் கூப்பிட்டால் அந்தக் கிழவி வராமல் எங்கே போவாள்?

அந்தப் பதினைந்து நாளும் செத்தவர்கள் ஏழு விகாரைக்குப் போய், தங்கள் பெயரைச் சொல்லி யாராவது சோறு வைத்திருக்கிறார்களா என்று பார்ப்பார்கள். ஏழிலும் இல்லையென்றால் பசியோடு திரும்புவார்கள். லோவெலில் ஏழு விகாரைக்கு எங்கே போவது? அதனால் இருக்கிற இடத்திலேயே பிழையில்லாமல் கூப்பிட வேண்டும் என்பது வாத்தியாரின் கட்சி.

அவர் எங்கள் நாட்டில் பாட்டம்பாங் பக்கத்து ஆள். சங்கே ஆற்றங்கரையில் ஒரு பள்ளிக்கூடத்தில் இரண்டாம் வகுப்புக்குப் பாடம் சொன்னவர். அப்போது அவருக்கே இருபத்திரண்டு வயதுதான். வகுப்பில் நாற்பத்து மூன்று பிள்ளைகள். நாட்டைப் பிடித்துச் சனத்தைக் கொன்று குவித்த கறுப்புச் சட்டைக்காரர்கள் வந்ததும், படித்தவன் என்று தெரிந்தால் உயிர் தங்காது என்பதால், கண்ணாடியை ஆற்றில் போட்டார், வருகைப் பதிவேட்டை அடுப்பில் வைத்தார், மாட்டுக்காரன் என்று சொல்லிக்கொண்டார். ஒருத்தனுக்குச் சந்தேகம். இவர் நடக்கும் வழியில் மண்ணில் குச்சியால், ‘உன் மாடு கிணற்றில் விழுந்துவிட்டது’ என்று எழுதி வைத்துவிட்டு, புதர் மறைவில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தான். படிக்கத் தெரிந்தவன் ஓடுவான் அல்லவா? இவர் அந்த எழுத்தின் மேலேயே காலை வைத்து நடந்துபோனார்.

இங்கே வந்த பிறகு அவரும் நானும் ஒரே தொழிற்சாலையில், ஒரே வரிசையில், கணினிக்குள் வைக்கும் பச்சை அட்டைகளுக்கு ஈயம் பற்றவைத்தோம். பதினெட்டு வருடம். ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில்தான் இந்தக் கதையைச் சொன்னார்.

"எழுத்த மிதிச்சேன் அக்கா."

"உயிரோட இருக்கத்தானே மிதிச்சீங்க?"

"ஆமா. இருந்துட்டேன்ல? அதான் உக்காந்து எழுதுறேன்."

காகிதத்தில் நான் அவரைவிட இரண்டு வயது மூத்தவள். அதனால் அக்கா.

விகாரையில் வாசித்து முடித்ததும் சீட்டுகளை ஒரு மண்சட்டியில் போட்டு எரித்துவிடுவார்கள். அதுதான் வழக்கம். புகை அவர்களிடம் போய்ச் சேரும். ஆனால் வாத்தியார் ஒவ்வொரு சீட்டையும் இரண்டு பிரதி எழுதுவார். ஒன்று எரிவதற்கு. மற்றொன்று, பள்ளிக்கூடம் திறக்கும் மாதத்தில் கடைகளில் குவித்து வைத்திருக்கும் நீல அட்டை நோட்டுகளில். ஏன் இந்த வேலை என்று ஆச்சார் ஒருமுறை கேட்டார்.

"நாப்பத்து மூணு பிள்ளைங்கள்ல இருபத்தொன்பது பேர்தான் எனக்கு ஞாபகம் வருது. பாக்கிப் பதினாலு பேர நானே அடுப்புல வெச்சேன்," என்றார் வாத்தியார். அதற்குப் பிறகு யாரும் கேட்கவில்லை.

இன்னொரு பழக்கமும் உண்டு. ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில், அந்த ஆளைப் பற்றி ஒரு விஷயம் கேட்டு எழுதுவார். வருடத்துக்கு ஒன்று. சொன்னதையே சொன்னால் ஒத்துக்கொள்ளமாட்டார். "போன வருஷமும் கருவாடுதான் சொன்னீங்க. வேற சொல்லுங்க," என்பார். பின்னால் நிற்பவர்கள் முணுமுணுப்பார்கள். அவர் மனைவி மோம், சோற்றுப் பானைக்குப் பக்கத்திலிருந்து கத்துவாள்:

"ஊர்ல செத்தவங்க என்ன தின்னாங்கன்னு எல்லாம் இவருக்குத் தெரியணும். வீட்டுல உயிரோட இருக்கிறவ உப்பு வாங்கிட்டு வான்னா மட்டும் காது கேக்காது!"

இனி என் விஷயத்துக்கு வருகிறேன். அதைச் சொல்லாமல் வாத்தியார் யார் என்று சொல்ல முடியாது.

எல்லை தாண்டிப் போய், காவ் இ டாங் அகதி முகாமில் நாங்கள் நாலு பேர் இருந்தோம். என் அக்கா சாரூன், அவளுடைய மூன்று வயது மகன் வியஸ்னா, எட்டு மாதக் கைக்குழந்தை சோரியா, நான். என் பெயர் தூச். வீட்டில் கடைக்குட்டி. அக்கா புருஷன் எல்லை தாண்டும்போது பிரிந்துபோனவர், உயிரோடு இருக்கிறாரா என்று இன்றுவரை தெரியாது. அக்காவுக்கும் அவள் பிள்ளைகளுக்கும் லோவெலில் ஒரு தேவாலயத்துக்காரர்கள் பொறுப்பேற்பதாகக் கடிதம் வந்தது. அதிகாரி கேள்வி கேட்க ஒன்பது நாள் இருந்தது. ஆறாம் நாள் அக்கா காய்ச்சலில் போய்விட்டாள்.

நான் சித்தி என்று சொன்னால் பிள்ளைகள் அநாதைக் கொட்டகைக்குப் போவார்கள், அங்கிருந்து எந்த நாட்டுக்கோ. பக்கத்துக் குடிசைக்காரிதான் சொன்னாள்: "சாரூன்னு சொல்லுடி. ரெண்டு பேருக்கும் ஒரே மூஞ்சிதான்." அதிகாரியின் முன்னால் உட்கார்ந்தேன். பெயர் கேட்டார்கள், இம் சாரூன் என்றேன். வயது கேட்டார்கள், இருபத்தொன்பது என்றேன். எனக்கு இருபத்துநாலு. கூட ஒரு தங்கை இருந்தாளே, எங்கே என்றார்கள்.

"தூச்சா? அவ செத்துட்டா," என்றேன்.

அப்படித்தான் பிள்ளைகள் என் கையில் தங்கினார்கள். அந்தப் பொய்க்கு அன்றும் வருத்தப்படவில்லை, இன்றும் படமாட்டேன். யார் வேண்டுமானாலும் என்ன வேண்டுமானாலும் சொல்லட்டும்.

ஆனால் லோவெலில் முதல் முறை வாத்தியாரின் மேசைக்கு முன்னால் நின்றபோதுதான் சிக்கல் வந்தது. அப்பா, அம்மா, இரண்டு அண்ணன்மார் என்று சொல்லிவிட்டேன். அக்காவை எப்படிச் சொல்வது? சாரூன் என்றால் அது நான். உயிரோடு இருக்கிறவளைச் செத்தவர்களோடு கூப்பிட்டால் அவளையும் கூட்டிக்கொண்டு போய்விடுவார்கள். பிள்ளைகளுக்கும் தெரிந்துவிடும். ஆகவே, "தூச், தங்கச்சி," என்றேன். பெயரை மாற்றிக்கொண்டோம் அல்லவா? அவள் பெயரில் நான் சாப்பிடுகிறேன், என் பெயரில் அவள் சாப்பிடட்டும் என்று கணக்குப் போட்டேன். அன்றிலிருந்து முப்பது வருடம் இந்த விகாரையில் என்னைச் செத்தவள் என்று வாசித்தார்கள். நான் தூண் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன்.

எட்டு வருடத்துக்கு முன் விகாரைக் கமிட்டி ஒரு முடிவு எடுத்தது. பின்பக்கப் புல்வெளியில் ஒரு கருங்கல் நிறுத்தி, அதில் பெயர்களை வெட்டுவது. பெயர்களுக்கு எங்கே போவது? வாத்தியாரின் நோட்டுகள்தான். இரண்டாயிரத்துச் சொச்சம் பெயர் வந்தது. அச்சிடுவது என்றால் திருத்தலாம், இது கல். வாத்தியார் நோட்டுகளைத் துணிப்பையில் போட்டுக்கொண்டு வீடு வீடாகச் சரிபார்க்கக் கிளம்பினார்.

ஆகஸ்டு வெயிலில் எங்கள் மூன்று மாடி ஏறி, மூச்சு வாங்க வந்து நின்றார். நான் புளிக்குழம்புக்கு மீன் கழுவிக்கொண்டிருந்தேன்.

"எழுத்துப்பிழை இருக்கான்னு பாக்கணும் அக்கா."

"என்கிட்டயா? எனக்கு ‘க’வும் தெரியாது, காக்காவும் தெரியாது. சோரியா வேலை முடிஞ்சு வரட்டும்."

"நான் படிக்கிறேன். நீங்க கேளுங்க, போதும்."

அப்பா சரி. அம்மா சரி. அண்ணன்மார் சரி. பிறகு இன்னொரு நோட்டை எடுத்தார், இன்னொன்றையும் எடுத்தார், சாப்பாட்டு மேசை முழுக்க விரித்தார்.

"இம் தூச், தங்கை. எண்பத்தாறு: அடிச்சோறு பனைவெல்லத்தோட தின்னப் பிடிக்கும். எண்பத்தொன்பது: இடது மணிக்கட்டுல சட்டி சுட்ட தழும்பு. தொண்ணூத்திரண்டு: வெள்ளம் வந்தப்போ என்னை இடுப்புல தூக்கிட்டுப் போனா. தொண்ணூத்தேழு: எனக்கு முதல்முதலா பின்னல் போட்டுவிட்டவ. ரெண்டாயிரத்து மூணு: அவ கல்யாணத்தன்னிக்கு நான் அவ சட்டை நுனிய விடவே இல்ல." கண்ணாடியைக் கழற்றினார். "அக்கா, தங்கச்சி எப்படி அக்காவ இடுப்புல தூக்குவா?"

குழாயைப் பெரிதாகத் திறந்துவிட்டேன். "அவ குண்டு. நான் ஒல்லி."

"பின்னல் போட்டுவிட்டதும் அவதான்?"

"வாத்தியாரே, மீன் கெட்டுப்போகுது. போயிட்டு வாங்க."

அவர் நோட்டுகளை ஒவ்வொன்றாகப் பையில் வைத்தார்.

"பதினாலு வருஷமா எனக்கு இது உறுத்துது. கேக்கல. சீட்டுன்னா எரிஞ்சுபோகும், அடுத்த வருஷம் வேற சொல்லிக்கலாம். கல்லு எரியாது. நீங்க தூச்சுன்னு சொன்னா தூச்சுன்னு வெட்டுவாங்க. வேற சொன்னா வேற வெட்டுவாங்க. அந்த வரிய காலியா விட்டிருக்கேன். இருபதாம் தேதிக்குள்ள சொல்லுங்க."

"காலியாவே கெடக்கட்டும்."

"சரி," என்றார். கோபப்படவில்லை. அதுதான் எனக்கு ஆத்திரம். வாசல் வரை போய்த் திரும்பி, "குழம்பு வாசனை நல்லாருக்கு," என்று சொல்லிவிட்டு இறங்கினார்.

மூன்று நாள் அவரைத் திட்டிக்கொண்டே சமைத்தேன். மனிதன் தன் வேலையைப் பார்க்கவேண்டியதுதானே என்று. நாலாம் நாள் மனசு வேறு பக்கம் திரும்பியது. அந்தக் கல்லின் முன்னால் என் பேரப்பிள்ளைகள் ஊதுபத்தி கொளுத்துவார்கள். தூச் என்ற என் பெயருக்குக் கொளுத்துவார்கள், நானே பக்கத்தில் நின்று பார்ப்பேன். நான் போன பிறகும் அது அப்படியேதான் இருக்கும். என் அக்காவின் பெயர் அந்த இரண்டாயிரத்தில் எங்கும் இருக்காது. பிள்ளைகளைப் பெற்றவள் அவள். வளர்த்த எனக்கு இத்தனை வருடம் எல்லாம் கிடைத்தது. அவளுக்கு ஒரு வரிகூட வேண்டாமா?

ஞாயிற்றுக்கிழமை இரண்டு பிள்ளைகளும் சாப்பிட வந்தார்கள். சோரியாவுக்கு மருந்துக்கடையில் வேலை. வியஸ்னா கார் பழுதுபார்க்கும் கடை வைத்திருக்கிறான். இருவருக்கும் சேமியாவில் மீன்குழம்பு ஊற்றி வைத்தேன். நான் உட்காரவில்லை.

"ஒண்ணு சொல்லணும். முடிக்கிற வரைக்கும் யாரும் வாயத் திறக்கக்கூடாது."

"யாருமா உன் முன்னாடி வாயத் திறந்திருக்கோம்?" என்றாள் சோரியா.

சொன்னேன். முகாம், காய்ச்சல், அதிகாரி, எல்லாம். குழம்பு ஆறிப்போனது.

"அப்போ நீ..." என்றாள் சோரியா.

"நான் உன் சித்தி. தூச். உன்னைப் பெத்தவ சாரூன். அவ போனப்போ உனக்கு எட்டு மாசம்."

சோரியா எழுந்து வந்து என் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். வியஸ்னா அசையவில்லை.

"ஏன் சொல்லல?"

"சொன்னா உங்களப் பிடுங்கிட்டுப் போயிருப்பாங்க."

"அது அங்க. இங்க வந்தப்புறம்?"

"பயமா இருந்துச்சு. அப்புறம் பயம் போயிடுச்சு, சொல்ல வெக்கமா இருந்துச்சு."

அவன் கரண்டியை வைத்தான். "வருஷா வருஷம் எல்லாருக்கும் சோத்து உருண்டை போட்டேன். தாத்தாவுக்கு, மாமாங்களுக்கு, போடறதுக்கு ஆள் இல்லாதவங்களுக்குக்கூட. எங்கம்மாவுக்கு ஒண்ணு போடல. நாப்பது வயசாகப் போகுது எனக்கு."

"தூச்சுன்னு சொல்லிப் போட்டியே, அது அவளுக்குத்தான்டா."

"அது அவளுக்குத் தெரியுமா?"

அவன் இறங்கிப் போனான். வண்டிக் கதவு சாத்தும் சத்தம் மூன்று மாடிக்கும் கேட்டது. அதற்குப் பிறகு போன் எடுக்கவில்லை.

மறுநாள் நான் வாத்தியார் வீட்டுப் படி ஏறினேன். மோம் கதவைத் திறந்தாள்.

"வா வா. அவரு செத்தவங்களோட பேசிட்டிருக்காரு, இரு கூப்பிடுறேன்."

இருவரிடமும் சொன்னேன். வாத்தியார் முதலில் விரலை மடக்கி ஏதோ எண்ணினார். பிறகு நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"அப்போ நீ என்னைவிட மூணு வயசு சின்னவ! அக்கா அக்கான்னு, சாப்பாட்டு நேரத்துல தினம் எந்திரிச்சு உனக்கு நாற்காலி குடுத்தேனே! பதினெட்டு வருஷம் நின்னுகிட்டே சாப்பிட்டேன்!"

"அத விடுங்க," என்றாள் மோம். "முப்பது வருஷமா செத்தவங்களுக்கு வெச்ச சோறெல்லாம் இவ பேருக்குத்தான் போயிருக்கு. அதான் பாருங்க, எப்படி இருக்கான்னு."

நான் சிரித்தேன். சிரிப்பு பாதியில் உடைந்து அழுகையாகிவிட்டது. மோம் பக்கத்தில் வந்து உட்கார்ந்து என் முதுகைத் தடவினாள்.

"வாத்தியாரே, அவ வந்திருப்பாளா? வேற பேரச் சொல்லிக் கூப்பிட்டா வருவாங்களா?"

அவர் கையிலிருந்த நோட்டை மூடி வைத்தார்.

"செத்தவங்க சங்கதி எனக்குத் தெரியாதும்மா. வகுப்புல நடந்தது தெரியும். வேலைக்குச் சேர்ந்த மொத வாரம், அண்ணன் தம்பி ரெண்டு பேர் பேரையும் மாத்திக் கூப்பிட்டுட்டேன். அண்ணனப் பாத்துத் தம்பி பேரச் சொல்றேன், அவன் எந்திரிச்சு நிக்கிறான். ‘உன் பேரு அது இல்லையே, ஏன்டா நின்ன?’ன்னேன். ‘நீங்க என்னைத்தானே வாத்தியாரே பாத்தீங்க?’ன்னான். நீ யார நெனச்சுக் கூப்பிட்ட?"

"அவளத்தான். வேற யாரு?"

"அப்போ எந்திரிச்சு வந்திருப்பா."

"இதை என் மகன்கிட்ட வந்து சொல்லுங்க."

"நான் பஞ்சாயத்து பண்ற ஆள் இல்ல," என்றார். ஆனால், "அவன் கடை எந்தத் தெருவுல?" என்று கேட்டுக்கொண்டார்.

நடந்ததை வியஸ்னா பின்னால் எனக்குச் சொன்னான். வாத்தியார் மோமின் காரை ஓட்டிக்கொண்டு கடைக்குப் போய், எஞ்சின் எண்ணெய் மாற்ற வேண்டும் என்றாராம். பத்து நாளைக்கு முன்தான் மாற்றியது, சீட்டு கண்ணாடியிலேயே ஒட்டியிருக்கிறது என்று வியஸ்னா காட்டினானாம்.

"பரவால்ல, மறுபடி மாத்து. கார் நல்லா இருக்கட்டும்," என்று சொல்லிவிட்டு, டயர் அடுக்கின் மேல் உட்கார்ந்து பையைத் திறந்தாராம். எண்பத்தாறிலிருந்து ஆரம்பித்து வாசித்திருக்கிறார். அடிச்சோறு. மணிக்கட்டுத் தழும்பு. தண்ணீரில் என்னைத் தூக்கிக்கொண்டு நடந்தது. பாடத் தெரியாது, ஆனாலும் பாடுவாள். கோழி அறுக்கக் கொடுத்தால் அழுவாள். மகன் பிறந்தபோது மூன்று நாள் யாரிடமும் குழந்தையைத் தரமாட்டேன் என்றது. முப்பது வருடத்துக்கு முப்பது விஷயம். என் வாயிலிருந்து ஒவ்வொன்றாகப் பிடுங்கி எழுதிவைத்தவை. எனக்கே சில மறந்திருந்தன.

வியஸ்னா காருக்குக் கீழே படுத்தபடியே கேட்டிருக்கிறான். எண்ணெய் எப்போதோ வடிந்து முடிந்துவிட்டது. வெளியே வரவில்லை.

"அந்த மூணு நாள் சங்கதிய இன்னொரு தடவ படிங்க வாத்தியாரே," என்றானாம்.

பத்தொன்பதாம் தேதி சாயங்காலம் என் வீட்டு வாசலில் வந்து நின்றான். எப்போதும்போல, "மா," என்றான். "வாத்தியார்கிட்ட சொல்லிட்டேன். சாரூன்னு வெட்டச் சொன்னேன். உன் பேர எடுக்கச் சொன்னேன்." பிறகு அடுப்படிக்குப் போய்ப் பானையைத் திறந்து பார்த்தான். "என்ன இருக்கு சாப்பிட?"

அந்த வருடப் பிண்டப் பதினைந்தின் கடைசி நாள், வரிசையில் என் மகன் எனக்கு முன்னால் நின்றான். தட்டில் வாழையிலையில் கட்டிய சோறும், பழமும், ஒரு கிண்ணத்தில் அடிச்சோறும் வைத்திருந்தான். அதற்காக சோரியா வேண்டுமென்றே ஒரு பானைச் சோற்றைத் தீய்த்தாள்.

"பேரு?" என்றார் வாத்தியார், அவனைத் தெரியாததுபோல.

"இம் சாரூன். எங்கம்மா."

சீட்டை வாங்கிப் பார்த்த ஆச்சாருக்கு முகம் மாறியது. "இதை வாசிக்க முடியாது. அந்தம்மா அங்க தூண் பக்கத்துல உக்காந்திருக்காங்க. உயிரோட இருக்கிறவங்க பேரு."

"அவ சாரூன் இல்ல. தூச்," என்றார் வாத்தியார்.

"காகிதத்துல?"

"காகிதம் அமெரிக்காக்காரனுக்கு. இது விகாரை."

"ஏதாவது ஆயிட்டா? யார் பொறுப்பு?"

இதற்கு மேல் என்னால் சும்மா உட்கார முடியவில்லை. எழுந்தேன்.

"நான் பொறுப்பு. கூப்பிடுங்க ஆச்சாரே. அவ பேர வெச்சுக்கிட்டு இத்தன வருஷம் நல்லா வாழ்ந்துட்டேன். இன்னிக்கே கூட்டிட்டுப் போனாலும் சண்டை போடமாட்டேன். ஆனா போகமாட்டேன், பாருங்க. வீட்டுல அரிசி ஊறப் போட்டிருக்கேன்."

பின்னால் யாரோ சிரித்தார்கள். ஆச்சார் வாத்தியாரைப் பார்த்தார். வாத்தியார் சீட்டை வாங்கி இரண்டு வரி சேர்த்து எழுதிக் கொடுத்தார். பதினோரு மணிக்கு, பிக்குகளின் முன்னால், ஒலிபெருக்கியில் வாசித்தார்கள்: "இம் சாரூன். காவ் இ டாங் முகாமில் இறந்தவர். வியஸ்னாவுக்கும் சோரியாவுக்கும் தாய். தூச்சுக்கு அக்கா."

வியஸ்னா தரையில் நெற்றியை வைத்தான். நெடுநேரம் எடுக்கவில்லை. அவன் தோளில் ஒரு கையும் என் முழங்காலில் ஒரு கையுமாக சோரியா உட்கார்ந்திருந்தாள். செத்தவர்களின் வரிசையில் இல்லாமல், இருக்கிறவர்களின் வரிசையில் என் பெயரை நான் கேட்டது, பிள்ளைகளோடு இந்த ஊருக்கு வந்த பிறகு அன்றுதான் முதல் முறை. எனக்கு ஒன்றும் ஆகவில்லை. நல்ல பசி எடுத்தது.

கியோ பான் வாத்தியாருக்கு இப்போது எழுபத்திரண்டு வயது. பூதக்கண்ணாடி வைத்துக்கொண்டு எழுதுகிறார். பிண்டப் பதினைந்து வந்தால் மேசைக்கு அவர்தான். மோம் இன்னமும் உப்புக் கேட்டுக்கொண்டிருக்கிறாள். இந்த ஊரில் எத்தனையோ பேர் எனக்கு உதவி செய்திருக்கிறார்கள். தேவாலயத்துக்காரர்கள் மெத்தை கொடுத்தார்கள், குளிர்ச்சட்டை கொடுத்தார்கள். என் அக்காவை என் பிள்ளைகளிடம் கொண்டுவந்து சேர்த்தவர் இவர் ஒருத்தர்தான். அதுவும் நான் விரட்ட விரட்ட.

அன்று சாப்பாடு முடிந்து, சீட்டுகளை எரித்து முடித்து, மறுபடி மேசைப் பக்கம் போனேன். வாத்தியார் நீல நோட்டைத் திறந்து வைத்திருந்தார். புதிய பக்கம். மேலே ஒரு வரி மட்டும் எழுதியிருந்தது. அது என்னவென்று நான் கேட்கவில்லை, தெரியும்.

"இந்த வருஷத்துக்கு ஒண்ணு சொல்லும்மா."

சொன்னேன். அவள் இருட்டுக்குப் பயப்படமாட்டாள், பூரானுக்குப் பயப்படுவாள் என்றேன். எழுதினார். பிறகு, அவள் நெல் குத்தும்போது இடது கையால்தான் குத்துவாள் என்றேன். அதையும் எழுதினார். அப்பாவிடம் எனக்காக இரண்டு முறை அடி வாங்கியது. முகாமில் தன் பங்கு மீனை வேண்டாம், நாறுகிறது என்று பொய் சொல்லி எனக்குக் கொடுத்தது. சாரூன், சாரூன் என்று அவள் பெயரைச் சொல்லிச் சொல்லியே பேசினேன். இவ்வளவு நாளும் தங்கை, தங்கை என்று சொல்லி மறைத்ததெல்லாம் அக்கா, அக்கா என்று வந்துகொண்டே இருந்தது.

"வருஷத்துக்கு ஒண்ணுதானே வாத்தியாரே உங்க சட்டம்?" என்றாள் எனக்குப் பின்னால் நின்றவள். "நகருங்க அக்கா. எங்க ஆளுங்களும் பசியோட நிக்கிறாங்க."

வாத்தியார் அவளை நிமிர்ந்து பார்க்கவில்லை. பக்கம் நிரம்பியிருந்தது. அடுத்த பக்கத்தைத் திருப்பினார்.

"மீன் சொன்ன," என்றார். "அப்புறம்?"